சொந்த ரோபோவுக்கு எந்த சர்வோ? மூன்று வகைகளின் ஒப்பீடு

சொந்த வடிவமைப்பில் ஒரு ரோபோ கையையோ நாலுகால் ரோபோவையோ செய்ய முனைகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். வடிவம் மனத்தில் இருக்கிறது, 3டி பிரின்டரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, நிரல் எழுதவும் ஓரளவு வருகிறது. ஆனால் மூட்டுகளில் எந்த சர்வோவை, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டாரை, போடுவது என்பதில்தான் முடிவு எட்டுவதில்லை. ஒன்று நூறு ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது, இன்னொன்று ஓரிரண்டாயிரம் கேட்கிறது, மூன்றாவது வகையில் சில மாடல்கள் ஒரு மூட்டுக்கே ஒரு நல்ல கைப்பேசியின் விலையை எட்டுகின்றன. படத்தில் பார்த்தால் மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன: ஒரு சிறு கறுப்புப் பெட்டி, அதன் ஒரு பக்கத்தில் பல் வெட்டிய அச்சு.

இங்கே எடுத்துக்கொள்ளும் வகைகள் மூன்று. முதலாவது, ரேடியோ கன்ட்ரோல் விமானங்களிலிருந்து வந்த சாதாரண சர்வோ. எஸ்ஜி90, எம்ஜி996ஆர் போன்றவை. இரண்டாவது, ஒரே தகவல் வயரில் பல சர்வோக்களைச் சங்கிலியாக இணைக்கும் விலை குறைந்த பஸ் சர்வோ. ஃபீடெக் எஸ்டிஎஸ்3215, ஹைவொண்டர் எல்எக்ஸ்-16ஏ போன்றவை. மூன்றாவது, தென்கொரியாவின் ரோபோடிஸ் நிறுவனம் செய்யும் டைனமிக்செல். விலையையும் அட்டையில் அச்சிட்ட முறுக்குவிசையையும் (அச்சைத் திருப்பும் வலிமையையும்) மட்டும் வைத்து இவற்றை ஒப்பிட்டால் முடிவு பெரும்பாலும் பிழையாகவே வரும். மூட்டு தான் இருக்கும் இடத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டுமா என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொண்டால், மற்றக் கேள்விகளில் பாதி தாமாகவே தீர்ந்துவிடுகின்றன என்பது என் கருத்து.

எவற்றை வைத்து எடைபோடுவது

முறுக்குவிசையை முதலில் கணக்கிட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் அந்த ஒரு கணக்கிலேயே சில தேர்வுகள் அடிபட்டுப்போகும். தோளிலிருந்து பிடி வரை 30 செ.மீ. நீளமுள்ள கை, கிடைமட்டமாக நீண்ட நிலையில், நுனியில் 200 கிராம் பொருளைத் தாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பொருளுக்கு மட்டும் தோள் மூட்டில் 6 கிலோ செ.மீ. (எடையைக் கிலோவிலும் தூரத்தை செ.மீட்டரிலும் எடுத்துப் பெருக்கிய அளவு) தேவை. இனி கையின் சொந்த எடை: 12 செ.மீ. தூரத்தில் முழங்கை சர்வோ ஒன்று, 23 செ.மீ. தூரத்தில் மணிக்கட்டு சர்வோக்கள் இரண்டு, 27 செ.மீ. தூரத்தில் பிடியின் சர்வோ ஒன்று, ஒவ்வொன்றும் 55 கிராம். இவற்றோடு பிரின்ட் செய்த பாகங்கள் 120 கிராம், அவற்றின் எடைமையம் 15 செ.மீ. தூரத்தில். இவை எல்லாம் சேர்ந்து இன்னொரு 6.5 கிலோ செ.மீ. ஆகின்றன. ஆக மொத்தம் 12.5 கிலோ செ.மீ.; அதில் பாதிக்கு மேல் கை தன்னைத்தானே தூக்கிக்கொள்ளவே செலவாகிறது.

எம்ஜி996ஆரின் அச்சிட்ட மதிப்பு 6 வோல்ட்டில் 11 கிலோ செ.மீ.; அது அசையாமல் தாங்கவே போதாது. டைனமிக்செல் ஏஎக்ஸ்-12ஏவின் 1.5 நியூட்டன் மீட்டர் என்பது ஏறத்தாழ 15.3 கிலோ செ.மீ.; பலமடங்கு விலை கொடுத்தாலும் இந்தத் தோளுக்கு அதுவும் சரிப்படாது. எஸ்டிஎஸ்3215இன் 12 வோல்ட் வகை 30 கிலோ செ.மீ. தருவதால், நமது சுமை அதன் எல்லையில் நாற்பது விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. விலைக்கும் வலிமைக்கும் நேரான தொடர்பு இல்லை என்பதற்கு இந்த ஒரு தோள் மூட்டே போதும். இங்கே குறிக்கப்படும் மதிப்புகள் எல்லாம் அச்சு நின்றுபோகும் நிலையில் உள்ளவை. அந்த நிலையில் சில நொடிகளுக்கு மேல் வைத்தால் மோட்டார் சூடேறிக் கெட்டுப்போகும். தொடர்ந்து உழைக்கும் மூட்டுக்கு அச்சிட்ட மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நம்புவது பாதுகாப்பானது. நாற்பது விழுக்காடு என்பதையும் கை இடையிடையே ஓய்வெடுத்து வேலை செய்யும்போது மட்டுமே ஏற்கலாம்.

இரண்டாவது அளவுகோல் பின்னூட்டம். சர்வோ தன் நிலையையும், சுமையையும், வெப்பத்தையும், மின்னழுத்தத்தையும் கேட்டால் சொல்லுமா? மூன்றாவது மின்சாரமும் வயரும். நான்காவது நிரலாக்கம்: எந்த மொழியில், எந்தக் கருவியோடு, நொடிக்கு எத்தனை முறை எல்லா மூட்டுகளோடும் பேச முடியும்? ஐந்தாவது, ஒரு சர்வோ கெட்டால் அதே சர்வோ அடுத்த வாரமே கிடைக்குமா என்பது. துல்லியத்தைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை; அது ஒவ்வொரு வகையின் கீழும் தானாகவே வருகிறது.

சாதாரண சர்வோ: ஒருவழிப் பேச்சு

இதன் செயல்முறை எளிமையானது. 20 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பு அனுப்பப்படுகிறது. அதன் அகலம் 1.5 மில்லிநொடி என்றால் அச்சு நடுவில் நிற்கும், குறைந்தால் ஒரு பக்கமும் கூடினால் மறுபக்கமும் திரும்பும். உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் அச்சின் நிலையை அளக்கிறது, ஆனால் அந்தச் செய்தி பெட்டிக்கு வெளியே வருவதில்லை. கட்டளை போகிறது, பதில் வருவதில்லை.

இதன் விளைவுகள் நடைமுறையில்தான் புரியும். மின்சாரம் கொடுத்த நொடியில் கை எந்த நிலையில் இருக்கிறது என்பது கன்ட்ரோலருக்குத் தெரியாது. ஆகவே முதல் கட்டளை வந்ததும் கை முழு வேகத்தில் பாய்ந்து அந்த நிலைக்குப் போகும். வழியில் மேசை விளிம்போ விரலோ இருந்தால் அதன் மீதே மோதும். பொருள் தடுத்து மூட்டு நின்றுபோனாலும் நிரலுக்கு அது தெரியாது, சர்வோ 2.5 ஆம்பியரை இழுத்தபடி சூடேறிக்கொண்டே இருக்கும். பெட்டியைத் திறந்து பொட்டென்ஷியோமீட்டரின் நடுக்காலில் நான்காவது வயர் ஒன்றைப் பற்றவைத்து நிலையைப் படிப்பவர்கள் உண்டு. ஓரிரு மூட்டுகளுக்கு அது நல்ல பயிற்சி. பன்னிரண்டு மூட்டுகளுக்கு அந்த உழைப்பைப் பரிந்துரைக்க மாட்டேன்.

துல்லியத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பலரும் பயன்படுத்தும் பிசிஏ9685 பலகை 16 சர்வோக்களை இயக்கும். ஒவ்வொரு 20 மில்லிநொடியையும் 4096 படிகளாகப் பிரிக்கும். ஒரு படி ஏறத்தாழ 4.9 மைக்ரோநொடி. 0.5 முதல் 2.5 மில்லிநொடி வரையிலான வீச்சில் சுமார் 410 படிகள்தான் அடங்கும். 180 டிகிரியை அதனால் வகுத்தால் ஒரு படிக்கு 0.44 டிகிரி. 30 செ.மீ. கையின் நுனியில் அது 2.3 மி.மீ. பல்சக்கரங்களுக்கு இடையே உள்ள தளர்வு இதற்கு மேல் சேரும். பென்சிலைப் பிடித்து எழுத வைக்க விரும்புகிறவர் இந்த எண்ணைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு முக்கியமாக மின்சாரத்தில் இருக்கிறது. ஆறு எம்ஜி996ஆர் ஒரே நேரத்தில் திணறினால் 15 ஆம்பியர் வரை கேட்கும். அதை ஆர்டுயினோ என்ற கன்ட்ரோலர் பலகையின் 5 வோல்ட் முனையிலிருந்து எடுக்க முயன்றால் மின்னழுத்தம் சரிந்து, எல்லா மூட்டுகளும் ஒருசேர நடுங்கி, பலகையே மறுதொடக்கம் ஆகும். நிரலில் பிழை என்று நினைத்துப் பல மாலைகளைத் தொலைப்பவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையான காரணம் இதுதான். லித்தியம் பேட்டரி இரண்டு செல் கொண்டது என்றால் முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் தரும். அதை 6 வோல்ட்டாகக் குறைக்க, 10 ஆம்பியருக்கு மேல் தாங்கும் மாற்றி ஒன்று தனியாகத் தேவை. சர்வோவுக்கு மூன்று வயர் என்பதால், பன்னிரண்டு மூட்டு ரோபோவில் 36 வயர்கள் அசையும் பாகங்களின் ஊடாக ஓடும். அதோடு, எம்ஜி996ஆர் என்ற பெயரில் பலர் செய்து விற்கிறார்கள். ஒரே கடையில் வாங்கிய இரண்டுக்கே வலிமையும் நடுநிலையும் வேறுபடலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், முதல் ரோபோவுக்கு இதையே வாங்குங்கள் என்பேன். ஆர்டுயினோவின் சர்வோ லைப்ரரியில் பத்து வரி எழுதினால் அச்சு அசைகிறது. கெட்டுப்போனால் சென்னை ரிச்சி தெருவில் அன்றே மாற்று கிடைக்கும். நான்கு சிறு சர்வோக்களில் நடக்கும் ஓட்டோ போன்ற திறந்த வடிவமைப்புகளும், பிரெஞ்சுச் சிற்பி கேல் லாங்வின் 2012இல் தொடங்கிய ஆளுயர இன்மூவ் ரோபோவும் இந்த வகை சர்வோக்களிலேயே இயங்குகின்றன. பொம்மலாட்டம், கண்ணசைவு, கேமராவைத் திருப்புவது, எளிய பிடி போன்ற வேலைகளுக்குப் பின்னூட்டம் தேவையே இல்லை.

விலை குறைந்த பஸ் சர்வோ: சங்கிலியில் பேசும் மூட்டுகள்

இந்த வகையில் ஒவ்வொரு சர்வோவுக்குள்ளும் ஒரு சிறு கன்ட்ரோலர் இருக்கிறது. மூன்று வயர்களில் ஒன்று தகவலுக்கு. அதிலேயே கட்டளையும் போகும், பதிலும் வரும். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வயரைச் செருகிக்கொண்டே போனால் முழுக் கையும் ஒரே சங்கிலியாகிவிடும். ஒவ்வொரு சர்வோவுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. கட்டளையில் அந்த எண் இருந்தால் அது மட்டும் பதில் தரும்.

எஸ்டிஎஸ்3215இல் பொட்டென்ஷியோமீட்டருக்குப் பதிலாக, அச்சின் கோணத்தைக் காந்தத்தால் அளக்கும் காந்த என்கோடர் இருக்கிறது. முழுச் சுற்றை 4096 ஆகப் பிரிப்பதால் ஒரு படிக்கு 0.088 டிகிரி. நமது 30 செ.மீ. கையின் நுனியில் அது அரை மி.மீட்டருக்கும் குறைவு. பல்சக்கரத் தளர்வு இங்கும் உண்டு என்பதால் முழு அரை மி.மீ. துல்லியத்தை எதிர்பார்க்கக் கூடாது. ஆனாலும் சாதாரண சர்வோவோடு ஒப்பிட இது வேறு தளம்.

இந்த வகையின் மதிப்பு எங்கே தெரிகிறது என்றால், மூட்டின் விசையை நிரலால் அணைத்துவிட்டு, கையைக் கையால் பிடித்து நகர்த்தும்போதுதான். திரையில் ஆறு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும்; தோளை மெல்லத் தூக்கினால் 2048 என்றிருந்தது 2300, 2500 என்று ஏறும்; பிடியை அழுத்தினால் கடைசி எண் மட்டும் மாறும். அந்த எண்களைப் பதிவுசெய்து திரும்ப அனுப்பினால் கை அதே அசைவைத் தானே செய்யும். செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஹக்கிங்ஃபேஸின் லெரோபோட் என்ற ரோபோ கற்றல் திட்டத்தோடு இணைந்து வந்த எஸ்ஓ-100, எஸ்ஓ-101 கைகள் இந்தக் கருத்தின் மேல்தான் நிற்கின்றன. மனிதர் ஒரு கையை நகர்த்த, மற்றொரு கை பின்தொடர்கிறது. அந்தப் பதிவுகளைக் கொண்டு நரம்பியல் வலையமைப்பு பயிற்றுவிக்கப்படுகிறது. ஒரு கைக்கு ஆறு எஸ்டிஎஸ்3215 வீதம் பயன்படுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன்பு ஆய்வுக்கூடங்களுக்கு மட்டும் எட்டிய இந்த வேலை இன்று ஒரு கல்லூரி மாணவரின் மேசைக்கு வந்திருப்பது உண்மையிலேயே மகிழ்ச்சியான செய்தி.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கே பணத்தைவிடக் கவனத்தைக் கேட்பவை. ஆலையிலிருந்து வரும் சர்வோக்கள் எல்லாம் 1 என்ற ஒரே அடையாள எண்ணோடு வருகின்றன. ஒவ்வொன்றையும் தனியாக இணைத்து எண்ணை மாற்றிய பிறகே சங்கிலியில் சேர்க்க வேண்டும். பிராக்கெட்டைத் திருகும் முன்பு அச்சை 2048க்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இல்லையென்றால் மூட்டின் நடுநிலை ஓரத்தில் போய் விழுந்து, வீச்சில் பாதி வீணாகும். 7.4 வோல்ட் வகையும் 12 வோல்ட் வகையும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. கூடுதல் மின்னழுத்தம் கொடுத்தால் சர்வோ போய்விடும், ஆகவே வந்த நாளிலேயே ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரால் எழுதிவிடுவது நல்லது. முழுச் சங்கிலியின் மின்சாரமும் முதல் சர்வோவின் மெல்லிய இணைப்பு வழியாகவே ஓடுகிறது. நாலுகால் ரோபோவில் ஒவ்வொரு காலுக்கும் தனிச் சங்கிலி எடுக்க வேண்டும்.

நிறுவனத்துக்கு நிறுவனம் பொருந்தாமையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஹைவொண்டர் எல்எக்ஸ்-16ஏ நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் தன் சொந்த முறையில் பேசுகிறது, வீச்சும் 240 டிகிரி மட்டுமே. ஃபீடெக்கின் வேகம் 10 லட்சம் பிட். இரண்டையும் ஒரே சங்கிலியில் கலக்க முடியாது. ஆவணங்களும் டைனமிக்செல்லுக்கு இருப்பதுபோல் செம்மையாக இல்லை. பல இடங்களில் அட்டவணையைப் பார்த்து ஊகித்தே நகர வேண்டியிருக்கிறது.

டைனமிக்செல்: நீண்டகால உழைப்புக்கு

ரோபோடிஸ் 1999இல் சியோலில் தொடங்கப்பட்டது. அதன் பயோலாய்ட் என்ற ரோபோ செய்முறைப் பெட்டியோடு பரவிய ஏஎக்ஸ்-12 சர்வோதான், ஒரே மூட்டுத் தொகுதியைக் கொண்டு பல்லியும் செய்யலாம், மனித உருவும் செய்யலாம் என்ற எண்ணத்தை ஆர்வலர்களிடம் கொண்டுசேர்த்தது. பயோலாய்ட் பிரீமியம் பெட்டியில் இவை 18 இருந்தன. 2010இல் வர்ஜீனியா டெக் ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து வெளிவந்த டார்வின்-ஓபி மனித உருவ ரோபோவில் 20 எம்எக்ஸ்-28 சர்வோக்கள். ரோஸ் என்ற ரோபோ மென்பொருளைக் கற்கும் மாணவர்களுக்குப் பழகிய டர்ட்டில்பாட்3 ரோபோவின் சக்கரங்களைச் சுழற்றுவதும் இந்தக் குடும்பத்து மோட்டார்களே.

இதன் சிறப்பு ஆவணத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மாடலுக்கும் நினைவக முகவரி, அலகு, எல்லை எல்லாம் ஐயமின்றி எழுதப்பட்டிருக்கின்றன. சி, சி++, பைத்தான், ஜாவா, மேட்லாப் ஆகியவற்றுக்கு ஆலையே லைப்ரரி தருகிறது. எக்ஸ்எல்330 என்ற சிறிய மாடல் 18 கிராம் எடையில், 5 வோல்ட்டில், மோட்டாரின் மின்னோட்டத்தையே கட்டுப்படுத்தும் வசதியைத் தருகிறது. முட்டையை நசுக்காமல் பிடிக்கும் பிடியும், தரையின் மேடுபள்ளத்துக்கு நெகிழ்ந்து கொடுக்கும் காலும் இந்த வசதி இருந்தால்தான் எளிதாக அமையும். மேலே கணக்கிட்ட தோள் மூட்டை நாள்முழுதும் நம்பிக்கையோடு தாங்க எக்ஸ்எம்430-டபிள்யூ350 போதும். 12 வோல்ட்டில் 4.1 நியூட்டன் மீட்டர், அதாவது சுமார் 42 கிலோ செ.மீ. தருவதால் நமது சுமை அதில் முப்பது விழுக்காடே. ஆனால் அதன் ஒன்றின் விலையே 200 டாலருக்கு மேல்.

மறைந்திருக்கும் செலவு அந்த விலைக்கும் மேலே ஏறுகிறது. இறக்குமதி வரி, அனுப்பும் கட்டணம், கணினியோடு இணைக்கும் யூ2டி2, தனி மின்வழங்கிப் பலகை, பல வாரக் காத்திருப்பு எல்லாம் சேரும். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையோடு நேரடியாக இணைக்கவும் முடியாது. அதில் உள்ள ஒரே சீரியல் வழி கணினிக்குப் போய்விடுகிறது, ஒற்றை வயரில் இருவழிப் பேச்சுக்கு இடையில் ஒரு சிறு சுற்றும் தேவை. ஓபன்ஆர்பி-150 போன்ற பலகை வாங்கினால் அது தீரும்.

இன்னொரு நுணுக்கம் லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு. யூ2டி2வில் யூஎஸ்பி வழியைக் கவனிக்கும் எஃப்டிடிஐ சிப்பின் காத்திருப்பு நேரம் இயல்பாக 16 மில்லிநொடி என்று வைக்கப்பட்டிருக்கும். பன்னிரண்டு மூட்டுகளின் நிலையை ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒரு சுற்றுக்கே ஏறத்தாழ 200 மில்லிநொடி ஆகிவிடும். நொடிக்கு ஐந்து முறைதான் ரோபோ தன்னைப் பார்த்துக்கொள்ளும். நடக்கும் ரோபோ அந்த இடைவெளியில் விழுந்துவிடும். அந்த மதிப்பை 1 ஆகக் குறைத்து, எல்லா மூட்டுகளையும் ஒரே கேள்வியில் படிக்கும் கட்டளையைப் பயன்படுத்தினால் நொடிக்கு நூறு முறையை எளிதில் எட்டலாம்.

அருகருகே வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | சாதாரண சர்வோ (எம்ஜி996ஆர்) | பஸ் சர்வோ (எஸ்டிஎஸ்3215, 12 வோ.) | டைனமிக்செல் (எக்ஸ்எல்430) |
|---|---|---|---|
| நின்றுபோகும் முறுக்குவிசை | 11 கிலோ செ.மீ. (6 வோ.) | 30 கிலோ செ.மீ. | சுமார் 15 கிலோ செ.மீ. (12 வோ.) |
| நிலைப் படி | சுமார் 0.44° (பிசிஏ9685உடன்) | 0.088° | 0.088° |
| பின்னூட்டம் | இல்லை | நிலை, சுமை, வெப்பம், மின்னழுத்தம் | அவையே, தெளிவான ஆவணத்தோடு |
| வயர் | ஒவ்வொன்றுக்கும் தனி | சங்கிலி | சங்கிலி |
| முதல் அசைவு வரை | ஒரு மாலைப்பொழுது | அடையாள எண் வேலை முடிந்த பின் | கருவிகள் வந்து சேர்ந்த பின், விரைவில் |
| மாற்று கிடைப்பது | உள்ளூர்க் கடை | இணையக் கடை | பெரும்பாலும் இறக்குமதி |

அட்டவணையில் இடம்பெறாத ஒன்று, பின்னால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் செலவு. ஃபீடெக்கின் தகவல் பொட்டலம் டைனமிக்செல்லின் பழைய முறையை ஒத்திருப்பதால் நிரலை அப்படியே மாற்றிக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் தற்போதைய நிலை இருக்கும் நினைவக முகவரி ஏஎக்ஸ்-12ஏவில் 36, எஸ்டிஎஸ்3215இல் 56, எக்ஸ்எல்430இல் 132. திருகுத் துளைகளின் இடைவெளியும் வேறு. பிரின்ட் செய்த பாகங்களை மீண்டும் வரைய வேண்டிவரும். நிரலை எழுதும்போதே மூட்டின் கோணத்தை டிகிரியில் பேசும் ஒரு மேலடுக்கையும், சர்வோவோடு பேசும் கீழடுக்கையும் பிரித்து வைத்துக்கொண்டால் இழப்பு கீழடுக்கோடு நின்றுவிடும்.

லெகோ போன்ற ஆயத்தப் பெட்டிகளையும் இந்த வரிசையில் கேட்பவர்கள் உண்டு. பத்து வயதுக் குழந்தைக்கு அவை மிக நல்லவை. ஆனால் சொந்த அளவில் மூட்டும் பிராக்கெட்டும் செய்ய விரும்புகிறவருக்கு இடுக்கமானவை. 1998இல் தொடங்கிய மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசை 2022 இறுதியோடு நிறுத்தப்பட்டதையும் நினைவில் வைக்க வேண்டும். மூடிய அமைப்பில் கெட்ட ஒரு பாகத்துக்கு மாற்றுத் தேடுவது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகும்.

எந்த வேலைக்கு எதை

நான்கைந்து மூட்டுக்குள் அடங்கும் முதல் ரோபோ, பள்ளிக் கண்காட்சி, அசையும் பொம்மை: சாதாரண சர்வோ. மிச்சமாகும் பணத்தில் பாதியை நல்ல மின்வழங்கியில் போடுங்கள்.

ஆறு மூட்டுக் கை, கற்றுக்கொடுத்தால் திரும்பச் செய்யும் கை, இயந்திரக் கற்றலில் ஆர்வம்: எஸ்டிஎஸ்3215. இறுதியாண்டு மாணவர்களுக்கு இன்றைய நிலையில் இதையே தயங்காமல் சொல்வேன்.

நாலுகால் ரோபோவில் முடிவு உடலின் எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்குள் அடங்கும் என்றால் எக்ஸ்எல்330 பன்னிரண்டு வாங்க முடிகிறவர் அதையே வாங்கலாம். முடியாதவர் உடலைச் சற்றுப் பெரிதாக்கி ஃபீடெக்கிலேயே நடக்க வைக்கலாம், கால் எடை கூடும் என்பதை ஏற்றுக்கொண்டு.

பல மாணவர் அணிகள் ஆண்டுக்கணக்கில் கைமாற்றிப் பயன்படுத்தப் போகும் ஆய்வுக்கூட ரோபோ என்றால் டைனமிக்செல்தான். செய்தவர் படிப்பை முடித்துப் போன பிறகும், புதிதாக வருகிறவர் ஆவணத்தைப் படித்தே தொடர முடிய வேண்டும். அந்த வசதிக்குத்தான் இங்கே பணம் கொடுக்கிறோம்.

மொத்தமாக வாங்கும் முன்

தேர்ந்த வகையில் இரண்டை மட்டும் முதலில் வாங்குங்கள். ஒன்றை மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதன் ஹார்னில் (அச்சில் மாட்டும் சிறு தகட்டில்) 30 செ.மீ. அளவுகோலைத் திருகி, கணக்கிட்ட தோள் சுமைக்குச் சமமான எடையை நுனியில் தொங்கவிட்டுப் பத்து நிமிடம் கிடைமட்டமாக நிறுத்துங்கள், 12.5 கிலோ செ.மீ. என்றால் அது ஏறத்தாழ 400 கிராம். பஸ் சர்வோ என்றால் நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். டைனமிக்செல் வகைகளில் ஆலை வைத்த காப்பு எல்லை மாடலைப் பொறுத்து 70 முதல் 80 டிகிரி வரை இருக்கிறது. பத்தாவது நிமிடத்திலும் எண் ஏறிக்கொண்டே இருந்தால் அந்த சர்வோ தோளுக்கு வேண்டாம், மணிக்கட்டுக்குப் பயன்படும். இரண்டாவது சர்வோவைச் சங்கிலியில் சேர்த்து, அடையாள எண் மாற்றுவதையும் நிலையைப் படிப்பதையும் உங்கள் கணினியிலேயே செய்து பாருங்கள். இரண்டும் சரியாக வந்த பிறகு மீதியை ஆர்டர் செய்யும்போது, தேவையான எண்ணிக்கைக்கு மேல் ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள். ஒரே தொகுப்பில் வந்த மாற்று சர்வோவே மற்றவற்றோடு சரியாக ஒத்துப்போகும்.